அரபு நாடுகளுக்கு ஒரு செயலி: முதல் ஸ்கிரீனை அரபியில் வரையுங்கள்

சென்னையிலும் கோவையிலும் உள்ள பல மென்பொருள் நிறுவனங்களுக்கு ரியாத், துபாய், தோஹா நகரங்களில் க்ளையண்ட்டுகள் உண்டு. அந்த வேலைகளில் அடிக்கடி நடப்பது இதுதான்: செயலி முழுவதும் ஆங்கிலத்தில் முடிந்துவிடும், வெளியீட்டுக்குச் சில நாள் இருக்கும்போது மொழிபெயர்ப்புக் கோப்பு வந்து சேரும். அதை ஏற்றியதும் பட்டன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், போன் எண் தலைகீழாகும், தேடலில் எதுவும் கிடைக்காது. பிறகு ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவார்கள். அரபியைக் கடைசியில் சேர்ப்பதால்தான் இத்தனை செலவும். முதல் நாளே அரபியில் தொடங்கினால் இவற்றில் பெரும்பகுதி எழவே எழாது.

முதலில் நாட்டைத் தீர்மானியுங்கள்

அரபு லீகில் 22 நாடுகள் இருக்கின்றன. ‘அரபுச் சந்தை’ என்று ஒன்றாகப் பேசுவது விற்பனைக் கூட்டத்துக்குச் சரி, கோடு எழுதுகிறவருக்கு உதவாது. சவூதி ரியாலுக்கும் அமீரக திர்ஹாமுக்கும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். குவைத், பஹ்ரைன், ஜோர்டான் தினார்களுக்கும் ஓமன் ரியாலுக்கும் மூன்று. விலையைச் சில்லறையாக்க 100-ஆல் பெருக்கும் பழக்கம் குவைத்தில் முதல் பில்லிலேயே தப்புக் கணக்குக் காட்டும். அங்கே 1000-ஆல் பெருக்க வேண்டும்.

வார விடுமுறையும் ஒன்றல்ல. சவூதியில் 2013 முதல் வெள்ளியும் சனியும். அமீரகத்தின் மத்திய அரசு அலுவலகங்கள் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளியை அரை நாளாக்கிக்கொண்டன. எகிப்திலும் வளைகுடாவிலும் ‘யனாயிர்’ எனப்படும் ஜனவரி, சிரியாவிலும் இராக்கிலும் ‘கானூன் அஸ்ஸானீ’. மொரோக்கோ, துனிசியா, அல்ஜீரியாவில் நமக்குப் பழக்கமான 1, 2, 3 எண்களே புழங்குகின்றன. எகிப்தில் வேறு வடிவ எண்களும் வழக்கில் உண்டு. ஆகவே மொழிக் குறியீட்டோடு நாட்டுக் குறியீட்டையும் சேர்த்தே அமைத்து, தேதி, எண், பணம் ஆகியவற்றின் வடிவத்தை யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் தரவிலிருந்து எடுங்கள். சவூதிக்கு உம்முல் குரா ஹிஜ்ரி நாட்காட்டியும் தேவைப்படும். பிரவுசர்களின் தேதி வசதியிலேயே அது இருக்கிறது.

ஸ்கிரீனை வலமிருந்து வரையுங்கள்

டிசைனரிடம் முதல் ஸ்கிரீனை அரபியில் கேளுங்கள். கோடில் ‘இடது’, ‘வலது’ என்று எழுதுவதை நிறுத்தி ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்ற பொருள் தரும் பண்புகளைப் பயன்படுத்துங்கள். சிஎஸ்எஸ்ஸில் லாஜிக்கல் ப்ராப்பர்ட்டிகள், ஆண்ட்ராய்டில் 4.2 பதிப்பிலிருந்து ஸ்டார்ட், எண்ட், ஐஓஎஸ்ஸில் லீடிங், ட்ரெய்லிங், ஃப்ளட்டரில் ‘டைரக்ஷனல்’ என்று முடியும் பண்புகள். இதை முதலிலிருந்தே செய்தால் மொழியை மாற்றியதும் அமைப்பு தானாகத் திரும்பும்.

எல்லாமே திரும்பக் கூடாது. பின்செல்லும் அம்பும் முன்னேற்றப் பட்டையும் திரும்ப வேண்டும். வீடியோவின் ப்ளே பட்டன், கடிகாரம், சரி குறி, பிராண்ட் சின்னம் அப்படியே நிற்க வேண்டும்.

அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை. தலைப்புகளுக்கு அழகுக்காக எழுத்திடைவெளி கூட்டினால் அந்தப் பிணைப்பு அறுந்து சொல் சிதறும். ஆகவே அரபிக்கு லெட்டர் ஸ்பேசிங் பூஜ்யம். வரியிடைவெளியைக் கூட்டுங்கள், சாய்வெழுத்தைத் தவிருங்கள். நோட்டோ, கைரோ, தஜவல் ஆகிய ஃபான்ட்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, சிறிய ஸ்கிரீனிலும் படிக்க நன்றாக இருக்கின்றன.

இரு திசை எழுத்து

அதிகமான பக் வருவது இங்கேதான், அதனால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். அரபு வலமிருந்து ஓடும். அதற்குள் வரும் எண்ணும் ஆங்கிலப் பெயரும் இடமிருந்து ஓடும். எது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை யூனிகோடின் இருதிசை விதி முடிவு செய்கிறது. கூட்டல் குறி, கோடு, அடைப்புக்குறி, இடைவெளி ஆகியவற்றுக்குச் சொந்தத் திசை கிடையாது. பக்கத்தில் இருப்பதைப் பார்த்தே அவை இடம் பிடிக்கும். அதனால்தான் +966 என்று தொடங்கி இடைவெளி விட்டு எழுதிய சவூதி எண், அரபுப் பத்தியில் கூட்டல் குறி வலப்பக்கம் போய், எண் தொகுதிகள் கடைசியிலிருந்து முன்னுக்கு வரிசை மாறி நிற்கிறது. டேட்டாபேஸில் எண் சரியாகவே இருக்கும், கண்ணுக்குத்தான் தவறாகத் தெரியும். ஆகவே சேமித்த எண்ணைத் தொடாதீர்கள்.

தீர்வு, பிற திசைத் துண்டைத் தனிமைப்படுத்துவது. வெப் பக்கத்தில் அதற்கென்றே பிடிஐ என்ற டேக் உண்டு. மொபைல் சரங்களில் 2013-இல் யூனிகோட் 6.3 கொண்டுவந்த ஐசொலேட் குறிகளை இருபுறமும் வையுங்கள். போன் எண், ஆர்டர் எண், மின்னஞ்சல், பயனர் தட்டச்சு செய்த பெயர் என வெளியிலிருந்து வாக்கியத்துக்குள் நுழையும் எதையும் இப்படிச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கையால் செய்யாமல், ஒரே ஃபங்ஷனில் வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை.

வாக்கியங்களைத் துண்டுதுண்டாகச் சேர்த்து ஒட்டவும் கூடாது. தமிழுக்கு ஒருமை, பன்மை போதும். சிஎல்டிஆர் கணக்கில் அரபிக்கு ஆறு வடிவங்கள்: பூஜ்யம், ஒன்று, இரண்டு, 3 முதல் 10, 11 முதல் 99, அதன்பின் 100 போன்றவை. ஐசியு மெசேஜ் வடிவம் இந்த ஆறையும் தாங்கும். கட்டளை வினையிலும் ஆண்பால், பெண்பால் வேறுபடும். அதனால் பட்டன்களில் ‘ஹிஃப்ழ்’, ‘இர்சால்’ போன்ற தொழிற்பெயர்களைப் போடுங்கள். அவை சேமித்தலையும் அனுப்புதலையும் குறிக்கும், யார் அழுத்தினாலும் பொருந்தும்.

தேடலும் படிவமும்

ஒரே சொல்லை மக்கள் பலவிதமாகத் தட்டச்சு செய்கிறார்கள். அலிஃபின் மேலோ கீழோ வரும் ஹம்ஸாவை விட்டுவிடுவார்கள். சொல்லின் கடைசியில் வரும் தா மர்பூதாவுக்குப் பதில் ஹா போடுவார்கள். எகிப்தியர் கடைசி யாவைப் பெரும்பாலும் புள்ளியில்லாமல் எழுதுவார்கள். சேமிக்கும் சொல்லையும் தேடும் சொல்லையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்து, உயிர்க்குறிகளையும் நீட்டல் கோட்டையும் நீக்கிய பிறகு ஒப்பிடுங்கள். எலாஸ்டிக்சர்ச்சில் இதற்கான அரபு அனலைசர் உள்ளேயே இருக்கிறது. இளைஞர்கள் அரபியை ஆங்கில எழுத்தில், ‘ஐன்’ ஒலிக்கு 3, அழுத்தமான ‘ஹா’வுக்கு 7 என்று எண் கலந்தும் அடிப்பார்கள். பிரபலமான தேடல்களுக்காவது இதைக் கவனியுங்கள்.

ஓடிபி கட்டம் அரபு எண்களையும் ஏற்க வேண்டும். உருது, பாரசீக எண்களுக்கு யூனிகோடில் தனி இடம் உண்டு. பாகிஸ்தானியர் நிறைந்த வளைகுடாவில் அவற்றையும் சேர்த்தால்தான் சரி. பெயரை இடைவெளியில் வெட்டி முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரிக்காதீர்கள். ‘அப்துர் ரஹ்மான்’ அரபியில் இரண்டு சொல்லாக எழுதப்படும் ஒரே பெயர். முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள்.

அரபியில் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் ஒரு செய்திக்கு 160 எழுத்தல்ல, 70 எழுத்துதான். ஓடிபி வாசகம் நீண்டால் இரண்டு எஸ்எம்எஸ் கட்டணம் விழும்.

பணம், முகவரி, சட்டம்

உள்ளூர்க் கட்டண முறைகளைச் சேருங்கள்: சவூதிக்கு மதா, குவைத்துக்கு கேநெட், பஹ்ரைனுக்கு பெனிஃபிட், எகிப்துக்கு ஃபவ்ரி. பன்னாட்டு அட்டைகளை மட்டும் நம்பினால் வாடிக்கையாளரில் பெரும்பகுதியை இழப்பீர்கள். ரொக்கத்தையும் ஒதுக்காதீர்கள். 2012-இல் துபாயில் தொடங்கி, பின்னர் 310 கோடி டாலருக்கு ஊபர் வசமான டாக்சி சேவை கரீம், காசாகவும் கட்டணம் வாங்கிய நிறுவனம். முகவரிக்கு வரைபடத்தில் புள்ளி வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். துபாயில் கட்டட வாசலுக்கு 10 இலக்க மக்கானி எண் உண்டு, சவூதியில் தேசிய முகவரி உண்டு. இரண்டுக்கும் கட்டம் வையுங்கள்.

சவூதியின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024 செப்டம்பரிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. தரவை எந்த நாட்டு சர்வரில் வைப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே க்ளையண்ட்டின் வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். செயலிக்குள் குரல் அழைப்பு இருந்தால், அமீரகத்தில் இணைய அழைப்புக்குக் கட்டுப்பாடு இருப்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

டெஸ்டிங்

ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்பில் வலமிருந்து இடம் திசையைக் கட்டாயப்படுத்தும் சுவிட்ச் இருக்கிறது. எக்ஸ்கோடிலும் போலி மொழி வசதி உண்டு. தினமும் அவற்றைப் போட்டுப் பாருங்கள். ஆனால் அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் செயலியை முழுவதும் கையாண்டு பார்ப்பதற்கு அது ஈடாகாது. அவருக்குரிய கூலியை முதல் மதிப்பீட்டிலேயே எழுதுங்கள். கடைசியில் கேட்டால் க்ளையண்ட் அதைத்தான் முதலில் வெட்டுவார்.

சர்வர் பராமரிப்பு நேரத்தையும் அந்த அரபு டெஸ்டரிடமே கேளுங்கள். இந்திய நேரம் இரவு 2 மணி நமக்கு ஊரடங்கிய வேளை, ரியாத்தில் அப்போது 11:30 மணிதான். ரமலானில் கடைத்தெருவும் செயலிகளும் சுறுசுறுப்பாக இயங்கும் நேரம் அது. அந்த மாதத்தில் சர்வரை நிறுத்த வேண்டியிருந்தால், ஸஹர் உணவும் ஃபஜ்ர் தொழுகையும் முடித்துப் பலர் உறங்கும் ரியாத் காலை 7 மணியைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் அப்போது 9:30 மணி, உங்கள் குழுவும் விழித்திருக்கும்.