பசி இல்லையா, பயமா?

'பசிக்கலைம்மா' என்று உங்கள் மகள் தினமும் தட்டை ஒதுக்குகிறாளா? பசி தூண்டும் சூரணம் மட்டும் கேட்டு வராதீர்கள். எலும்பும் தோலுமாக இளைத்த பிறகும் 'குண்டா இருக்கேன்' என்று பயந்தால், அது 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்னும் மனநோயாக இருக்கலாம்.

ஜெர்மனியில் 1904-ல் பிறந்த டாக்டர் ஹில்டே புரூக், அமெரிக்காவில் இந்நோய்க்குச் சிகிச்சை தந்து புகழ்பெற்றவர். 1964 முதல் ஹூஸ்டன் நகரின் பேலர் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தார். மனநல சிகிச்சை பழகுவோருக்கென்றே 1974-ல் ஒரு நூல் எழுதினார். தன் பசியையும் உணர்வையும் தானே அறிய முடியாமல் தவிப்பவளுக்கு நாம் விளக்கம் சொல்லிப் பயனில்லை. அவளைப் பேச விட்டுக் கேட்க வேண்டும் என்பதே அவர் தந்த பாடம்.

நீங்களும் திட்டாதீங்க, காது கொடுங்க. மாதவிலக்கு நின்றாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்காதீர்கள், இதயமே பாதிக்கப்படலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உடலைத் தேற்றுவதோடு மனநல மருத்துவரின் உதவியும் அவசியம்.