வீட்டிலேயே ரெக்கார்டிங் ரூம் செய்வோமா?

இந்த மாதம் சுவர் இதழில் அறிவியல் பக்கம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கோள்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கோள்கள் போன மாதமும் வந்தது, அதற்கு முந்தின மாதமும் வந்தது. அதனால் ஒன்றரை மாதமாக நானே செய்து பார்த்த ஒன்றை எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் ‘ஒலி’ பாடம் முடிந்துவிட்டதால் இது ரிவிஷனாகவும் இருக்கும்.

நம்ம பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு தங்கச்சி படிக்கிறாள். அவளுக்குப் பார்வை குறைவு. புத்தகத்தைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துத்தான் படிப்பாள். பத்து நிமிஷத்தில் கண்ணில் தண்ணி வந்துவிடும். அவங்க அம்மா கம்பெனி வேலை முடித்து ராத்திரிதான் வருவார். படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, அவள் பாடங்களை செல்போனில் படித்துப் பதிவு செய்து கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் பாடத்தை நான் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, தொண்டை வலிக்க வலிக்கப் படித்தேன். மறுநாள் அவள் வந்து கேட்டாள்:

“அக்கா, பாத்ரூம்ல உக்காந்தா படிச்சீங்க?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதி சொல் புரியவில்லையாம். போட்டுக் கேட்டேன். உண்மைதான், கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. நடுவில் லாரி ஹாரன் வேறு.

எங்க வீடு தொகுப்பு வீடு. ஹால் பத்தடிக்குப் பத்தடி. சிமெண்ட் சுவர், சிமெண்ட் தரை, மேலே கான்கிரீட். நான் இதை எதிரொலி என்று நினைத்தேன். அறிவியல் மிஸ்ஸிடம் சொன்னபோது, “கணக்கு போட்டுட்டு வந்து சொல்லு” என்றார். போட்டேன். ஒலி 22 டிகிரி செல்சியஸில் வினாடிக்கு 344 மீட்டர் போகும். இரண்டு ஒலிகளைத் தனித்தனியாகக் காது பிரித்து அறிய 0.1 வினாடி இடைவெளி வேண்டும். அதற்குள் ஒலி 34.4 மீட்டர் போய்விடும். போகப் பாதி, வரப் பாதி என்றால் சுவர் 17.2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். எங்க ஹாலோ 3 மீட்டர்தான். போய்த் திரும்பி வர 6 மீட்டர், அதற்கு 0.017 வினாடியே போதும். ஆகவே இது எதிரொலி இல்லை. ஒலி சுவருக்குச் சுவர் ஒரு வினாடியில் நூறு தடவைக்கு மேல் முட்டி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நீள்கிறது. இதற்குப் பெயர் எதிர்முழக்கம். ‘வெப்பம்’ என்று நான் சொல்லி முடித்து அடுத்த சொல்லுக்குப் போகும்போது, அந்த ‘பம்’ இன்னும் ஹாலில் சுற்றிக்கொண்டே இருக்கிறது!

இதை முதலில் சரியாக அளந்து பார்த்தவர் யார் தெரியுமா? அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர். 1895-இல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தில் ஒரு புதிய விரிவுரை அரங்கம் இருந்தது. அதில் யார் பேசினாலும் புரியாது. ஒரு சொல் அடங்க 5 வினாடிக்கு மேல் ஆனது. அதற்குள் நாம் பத்துச் சொல் பேசிவிடுவோமே! சபைன் என்ன செய்தார் என்றால், பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. விடிவதற்குள் எல்லா மெத்தையும் திரும்பிப் போய்விட வேண்டும்! அவர் கண்டுபிடித்ததை வைத்துத்தான் 1900-இல் பாஸ்டன் இசை அரங்கம் கட்டப்பட்டது. இன்று வரை உலகின் சிறந்த அரங்கங்களில் அதுவும் ஒன்று.

நம்ம ஊர் உதாரணம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் 1992-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்பக்கம் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற சிறிய ஸ்டூடியோவைக் கட்டினார். ‘ரோஜா’ படம் வந்ததும் அதே 1992-இல்தான். ஸ்டூடியோ கட்டி முடித்தபோது கருவி வாங்கக் காசு இல்லை, உள்ளே ஏ.சி.யும் ஷெல்ஃபும் கார்பெட்டும்தான் இருந்தன, சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். பிறகு அவங்க அம்மா நகையைக் கொடுத்து, அதை அடகு வைத்துத்தான் முதல் ரெக்கார்டர் வந்ததாம். இப்போது கும்மிடிப்பூண்டி பக்கத்திலேயே அவருக்கு ஒரு ஃபிலிம் சிட்டி இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த கார்பெட்தான். கருவி வருவதற்கு முன்னாலேயே அறை தயாராகிவிட்டது! எங்களிடம் இருப்பதோ ஒரு பழைய போன். அப்போ அறையைத்தானே சரி பண்ண வேண்டும்?

எங்க அண்ணன் முதலில் முட்டை அட்டைகளைக் கொண்டுவந்தான். டிபன் கடையில் கேட்டு முப்பது அட்டை வாங்கி வந்து சுவரில் ஒட்டினான். படத்தில் பார்த்தானாம். பதிவு செய்து கேட்டோம். ‘ச’, ‘ஸ’ சத்தம் கொஞ்சம் குறைந்தது. குரலின் அடிச்சத்தம் அப்படியே இருந்தது. மெல்லிய அட்டையால் உச்சமான சுருதியை மட்டுமே கொஞ்சம் தின்ன முடியும், கனமும் ஆழமும் இருந்தால்தான் மற்றதைத் தின்னும். அதோடு கரப்பான் பூச்சி வந்தது. அம்மா எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டார். நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அது சீக்கிரம் தீப்பிடிக்கும். ஒலிக்காகச் சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சும் அப்படித்தான். அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலத்தில் 2003-இல் ஒரு கேளிக்கை விடுதியில் மேடை வாணத்தின் பொறி சுவர் ஸ்பாஞ்சில் பட்டு, 100 பேர் இறந்துபோனார்கள். அதனால் எங்க ரூமில் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் கிடையாது.

பிறகு வீட்டில் இருப்பதையே பார்த்தோம். மிஸ் ஒரு சுலபமான சோதனை சொன்னார். துணியை வாயில் வைத்து ஊது. காற்று கஷ்டப்பட்டு மறுபக்கம் போனால் அது ஒலியை உறிஞ்சும். ரெக்ஸின் ஷீட்டில் காற்றே போகாது, ஒலி திரும்பி வந்துவிடும். வேட்டியில் சுலபமாகப் போகும், அது ஒலியைத் தடுக்கவே தடுக்காது. கம்பளி, பஞ்சு மெத்தை, மடித்த கோணி இவைதான் சரி.

ஹாலின் ஒரு மூலையில் கொடிக்கயிறு கட்டி இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டோம். இங்கே ஒரு விஷயம். சுவரோடு ஒட்டித் தொங்கவிடக் கூடாது, ஒரு ஜாண் தள்ளித் தொங்கவிட வேண்டும். சுவரை ஒட்டின இடத்தில் காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் அசைய முடியாது, சுவர் தடுக்கிறது. கொஞ்சம் தள்ளி வந்தால் நன்றாக அசையும். அசைகிற காற்று கம்பளி நூல்களுக்குள் புகுந்து உராய்ந்து ஆற்றலை இழக்கிறது. அது வெப்பமாகிவிடும். (தொட்டால் சுடாது! அவ்வளவு குறைவு.) தரையில் பாயும் அதன்மேல் மெத்தையும். என் முதுகுப் பக்கம் அண்ணனின் பழைய புத்தகங்கள், பெரிதும் சிறிதுமாக ஒழுங்கில்லாமல் அடுக்கியது. ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒலி நேராகத் திரும்பாமல் நாலாபக்கமும் சிதறும். புத்தகத்தை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று திட்டுகிறவர்களுக்கு இனிமேல் காரணம் சொல்லலாம்.

பீரோதான் பெரிய தொல்லை. நான் ‘மா’ என்று இழுத்தால் அதுவும் கூடவே ‘ங்ங்’ என்றது. இதுதான் ஒத்ததிர்வு! கதவு இடுக்கில் பேப்பரை மடித்துச் செருகி, மேலே ஆயாவின் பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டதும் அடங்கிவிட்டது.

போனை மடித்த துண்டின்மேல் வைத்து, வாயிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில், நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்க வேண்டும். தூரம் பாதியானால் ஒலிச்செறிவு நான்கு மடங்காகும். அப்போது நம் குரல் பெரிதாகவும் அறையின் முழக்கம் சிறிதாகவும் பதிவாகும். ஆனால் ‘ப’ வரும்போது காற்று ‘புஸ்’ என்று மோதும். எம்ப்ராய்டரி ஃபிரேமில் மெல்லிய துப்பட்டாவை மாட்டி நடுவில் நிறுத்தினேன். ‘பருப்பொருள்கள்’ என்று தைரியமாகப் படிக்கலாம்.

இனி விளக்கு. விளக்குக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் நினைத்தேன். எங்க ஹாலில் சோக் வைத்த பழைய டியூப்லைட். நம்ம மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சோக்கின் இரும்புத் தகடு இரண்டு தடவை இழுபடுவதால் 100 ஹெர்ட்ஸில் ‘ம்ம்ம்’ என்று முனகும். பகலெல்லாம் கேட்டுப் பழகியதால் நமக்குத் தெரிவதில்லை. போன் விடுவதில்லை. நீங்களும் செய்து பாருங்கள்: டியூப்லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் ஒவ்வொன்றையும் போட்டு 10 வினாடி, நிறுத்தி 10 வினாடி பதிவு செய்து கேளுங்கள். நாங்கள் கடைசியில் சார்ஜ் செய்த எமர்ஜென்சி லைட்டுக்கு மாறினோம். பேட்டரியில் எரிவதால் முனகல் இல்லை, ஓடும்போது ஒயரும் வேண்டாம்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. கம்பளி கருநீலம். வெளிச்சத்தையெல்லாம் அதுவே தின்றுவிட்டது. புத்தகத்தில் என் தலை நிழல் விழுந்து வரி மாறி வரி படித்தேன். அப்போதுதான் ஊதும் சோதனை ஞாபகம் வந்தது. வேட்டி ஒலியைத் தடுக்காது, ஆனால் வெளிச்சத்தைத் திருப்பும்! கம்பளிக்கு முன்னால் அப்பாவின் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டோம். லைட்டைப் பக்கத்தைப் பார்த்து வைக்காமல் வேட்டியைப் பார்த்து வைத்தோம். மூலை முழுக்க மெத்தென்ற வெளிச்சம், பளபளப்புத் தாளில் கண் கூசவில்லை, நிழலும் இல்லை. ஒலிக்குக் கம்பளி, ஒளிக்கு வேட்டி. இந்த ஒன்றரை மாதத்தில் எனக்கே பெருமையாக இருந்தது இது ஒன்றுதான்.

அண்ணன் அழகுக்காக பொங்கல் சீரியல் லைட்டைச் சுற்றினான். அதன் கண்ட்ரோலர் பெட்டி ‘கிர்’ என்றதால் பதிவு செய்யாத நேரத்தில் மட்டும் போட அனுமதி. ஸ்டூடியோக்களில் பதிவு நடக்கும்போது வாசலில் சிவப்பு விளக்கு எரியும். நாங்களும் டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றி வாசலில் வைத்தோம். “இன்னாடி இது, ரயில்வே கேட்டா?” என்று கேட்டுக்கொண்டே ஆயா உள்ளே வந்துவிட்டார். அது பாடம் மூன்றில் பதிவாகியிருக்கிறது.

இத்தனையும் செய்தாலும் ஜி.என்.டி. ரோடு லாரி சத்தம் போகாது. உள்ளே சுற்றும் ஒலியை உறிஞ்சுவது வேறு, வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுப்பது வேறு. தடுக்கக் கனமான சுவர் வேண்டும், ஜன்னல் இடுக்கு எல்லாம் அடைபட வேண்டும். கம்பளியால் முடியாது. இடுக்கில் துணி அடைத்தோம், கொஞ்சம்தான் குறைந்தது. ஆகவே நேரத்தைத்தான் மாற்றினோம். எங்க தெருவில் ஷிப்ட் பஸ் ஐந்தரைக்கு வரும். நாலே முக்காலிலிருந்து ஐந்தே கால் வரை ரயிலும் இல்லாமல் இருந்தால் அதிர்ஷ்டம். சபைனும் ராத்திரியில்தான் வேலை பார்த்தார், ரஹ்மானும் ராத்திரியில்தான் என்கிறார்கள். நான் ராத்திரியில் தூங்கிவிடுவேன்.

முன்பு ஹாலில் கை தட்டினால் ‘டங்ங்’ என்று கேட்கும். இப்போது மூலையில் ‘டப்’, அவ்வளவுதான். புதுப் பதிவைக் கேட்டுவிட்டு அந்தத் தங்கச்சி, “அக்கா, பக்கம் திருப்புற சத்தம்கூட கேக்குது” என்றாள். ஐயோ, அதையும் எடுத்துவிடுகிறேன் என்றேன். “வேணாங்க்கா, அது இருக்கட்டும். அடுத்த பக்கம் வந்துடுச்சுன்னு தெரியுது” என்றாள். அதனால் இப்போது பக்கத்தைக் கொஞ்சம் சத்தமாகவே திருப்புகிறோம்.

பருவத் தேர்வுக்கு இன்னும் சமூக அறிவியலில் மூன்று பாடம் பாக்கி. எங்கள் மூவரில் ஒருத்திக்குத் தொண்டை கட்டிவிட்டது. தெளிவாகப் படிக்கத் தெரிந்தவர்கள், எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளும்கூட, மதியச் சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடியில் என்னைப் பாருங்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்திருக்க முடிகிறவர்கள் மட்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி