ரேடியேட்டர் எங்கே?

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கு,

உங்கள் கடிதமும், மகனுக்குத் தெரியாமல் அவன் நோட்டிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த படமும் கிடைத்தன. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. இதே கேள்வி வேறு சில வீடுகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிற பையன். இன்னும் வெளியே வராத ஒரு சொகுசுக் காருக்கு என்ன எஞ்சின் வரும், முகம் எப்படி இருக்கும் என்று நண்பர்களோடு ராத்திரி பன்னிரண்டு மணிவரை போனில் சண்டை போடுகிறான். "வாங்கப்போறவனுக்கே இவ்வளவு கவலை இருக்காது சார், இவனுக்கு என்ன வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் நானும் ஒரு காலத்தில் அந்தச் சண்டையில் கிடந்தவன். நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் படம். பையனுக்குக் கை நன்றாக வருகிறது. சக்கரத்தைச் சரியான அளவில் போட்டிருக்கிறான். புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுவார்கள். பானெட்டின் மேல் அம்புக்குறி போட்டு 'வி16' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறான். அந்தப் பதினாறு சிலிண்டர் வி16-க்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தப் பைத்தியம் இவன் தலைமுறையில் தொடங்கியது இல்லை. 1952-ல் ஜெர்மனியின் 'ஆட்டோ மோட்டார் உண்ட் ஸ்போர்ட்' பத்திரிகை, சோதனை ஓட்டத்தில் இருந்த, இன்னும் பெயர் வெளியாகாத ஒரு மெர்சிடீஸின் படத்தைப் போட்டது. படத்துக்குக் கீழே, ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஏர்ல்க்யோனிக்' கவிதையைக் கிண்டலாகத் திருப்பிப் போட்டுச் சில வரிகள். அந்தக் கவிதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ராத்திரியில் குழந்தையை அணைத்துக்கொண்டு குதிரையில் விரைகிறான் தகப்பன். குழந்தையின் கண்ணுக்கு ஒரு மாய அரசன் தெரிகிறான். தகப்பனுக்கு மூடுபனிதான் தெரிகிறது. படத்தில் இருந்த கார் அடுத்த வருடமே மெர்சிடீஸ் 180 என்ற பெயரோடு விற்பனைக்கு வந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் மட்டும் தங்கிவிட்டது. மூடி மறைத்து ஓட்டப்படும் சோதனைக் காருக்கு ஜெர்மனியில் இன்றைக்கும் 'ஏர்ல்க்யோனிக்' என்றுதான் பெயர். குழந்தைக்கு ஏதோ தெரிகிறது, பெற்றவர்களுக்குப் பனிதான் தெரிகிறது என்பது உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்போல் இருக்கிறது. (கவிதையின் முடிவு நல்ல முடிவு இல்லை. அதை விட்டுவிடுவோம்.)

இந்தக் கார்களைக் குளிருக்குப் பழக்க ஸ்வீடனின் வடக்கே ஆர்யெப்லாக் ஏரிகளின் உறைபனிக்குக் கொண்டுபோவார்கள். வெயிலுக்கு அமெரிக்காவின் டெத் வேலி. வளைவுக்கும் பிரேக்குக்கும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், சுற்றுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். மூன்று இடத்திலும் கேமராக்காரர்கள் காத்திருப்பார்கள். கம்பெனியும் சளைத்ததில்லை. ஹெட்லைட்டில் டேப் ஒட்டும், கதவில் பொய்த் தகடு அறையும், உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழிகளை ஒட்டி அனுப்பும். கிடைத்த மங்கலான படத்தை வைத்துக்கொண்டு ரசிகர்கள் ஆருடம் சொல்ல உட்கார்வார்கள்.

அந்த ஆருடத்தில் இரண்டு வகை உண்டு. உங்கள் மகன் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறான், நாங்களும் குழப்பினோம். எஞ்சினைச் சொல்வது கணக்கு. முகத்தைச் சொல்வது பழைய காதல்.

எங்கள் கதையைச் சொன்னால் புரியும். 2000-ம் வருடம், பிஎம்டபிள்யூவின் பெரிய சொகுசுக் காரான 7 சீரிஸில் அடுத்த மாடல் வரப்போகிறது என்று பேச்சு. அப்போது ஓடிக்கொண்டிருந்தது 1994-ல் வந்த மாடல். கம்பெனிக்குள் அதற்கு ஈ38 என்று குறியீடு. ரசிகர்கள் அந்தக் குறியீட்டைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மாமனார் வீட்டுச் செல்லப்பெயர் மாதிரி. நீளம், தாழ்வு, தேவையில்லாத ஒரு கோடு கிடையாது. 1997-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஹீரோ பின்சீட்டில் படுத்துக்கொண்டு போனிலேயே ஓட்டுவாரே, அந்தக் கார்தான். நானும் இரண்டு நண்பர்களும் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் நாலைந்து மாதம் பழைய பிரிட்டிஷ் கார் பத்திரிகைகளைப் பேரம் பேசி வாங்குவோம். அதில் வரும் மறைப்புக் கார் படங்களை வைத்து ஆளுக்கு ஒரு படம் வரைவோம். மூன்று பேர் வரைந்ததும் ஒரே கார்தான்: அதே ஈ38, கொஞ்சம் மழித்து, கொஞ்சம் வழுவழுப்பாக்கி. ஒரு புகைப்படத்தில் டிக்கி மட்டும் தனியாக ஒரு மூடியைத் தூக்கி வைத்தாற்போல் புடைத்து நின்றது. "உள்ளே பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறான்டா, எல்லாம் கண்கட்டு" என்றான் ஒருவன். எங்களுக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

2001 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் கார் மேடையேறியது. டிக்கி அப்படியேதான் இருந்தது.

அதன்பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். வடிவமைப்புத் தலைவர் கிறிஸ் பேங்கிள் ஒரு அமெரிக்கர்; இளமையில் கிறிஸ்தவப் போதகராகப் போக நினைத்தவர். அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி மனு எழுதிக் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். டிக்கிக்கு அவர் பெயரைச் சேர்த்து, கடிதத்தில் எழுத முடியாத ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். வெளித்தோற்றத்தை வரைந்தவர் ஏட்ரியன் ஃபான் ஹூய்டாங்க் என்கிற டச்சுக்காரர். வசவு எல்லாம் தலைவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கார் அதுவரை வந்த 7 சீரிஸ்களிலேயே அதிகம் விற்றது. 2005-ல் வந்த மெர்சிடீஸ் எஸ்-கிளாஸைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அதன் டிக்கியும் ஒரு மூடியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நிற்கும்.

எனக்கு இதில் வெட்கமான விஷயம் வேறொன்று. துப்பு இல்லாமல் நாங்கள் தோற்கவில்லை. 1999-ல் அதே பிராங்க்ஃபர்ட்டில் 'இசட்9 கிரான் டுரிஸ்மோ' என்று ஒரு கற்பனைக் காரை பிஎம்டபிள்யூ பகிரங்கமாக நிறுத்தியிருந்தது. அதன் வித்தியாசமான பின்பக்கமும், பொத்தான்களைக் குறைத்துவிட்டு நடுவில் வைத்த ஒற்றைத் திருகு குமிழும் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தன. அந்தப் பத்திரிகைகள் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தன. பார்த்தோம், "இதெல்லாம் கண்காட்சிக்கு" என்று புரட்டிப் போட்டோம். இரண்டு வருடம் கழித்து அந்தக் குமிழ் 'ஐடிரைவ்' என்ற பெயரோடு 7 சீரிஸில் வந்து உட்கார்ந்தது. பிடிக்காததைத் துப்பு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி எஞ்சின். இங்கே எங்கள் மானம் கொஞ்சம் பிழைத்தது.

சாதாரண பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியில் ஒரு தகடு இருக்கும். ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்கும்போது அந்தத் தகடு முக்கால்வாசி மூடியே கிடக்கும். நம் ஓட்டம் பெரும்பாலும் மெல்ல மிதிக்கிற ஓட்டம்தானே. எஞ்சின் அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுக்கத் திணறும். மெல்லிய ஸ்ட்ரா போட்டு ரோஸ்மில்க் உறிஞ்சுகிற மாதிரி. அதில் பெட்ரோல் வீணாகும். பிஎம்டபிள்யூ எஞ்சினியர்கள் அந்தத் தகட்டின் வேலையை வால்விடமே கொடுத்துவிட்டார்கள். மிதிப்புக்குத் தகுந்தபடி வால்வு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் திறக்கும், அல்லது பத்து மில்லிமீட்டர் அளவுக்குத் திறக்கும். இதற்கு வால்வ்ட்ரானிக் என்று பெயர். 2001-ல் முதலில் அது வந்தது 316டிஐ காம்பாக்ட் என்கிற சின்ன நாலு சிலிண்டர் வண்டியில். எங்களில் ஒருவன், இன்று பம்பு செட் தயாரிக்கிறான், அதைப் படித்த அன்றே சொன்னான்: "இவ்வளவு செலவு பண்ணினவன் சின்ன வண்டியோட நிறுத்த மாட்டான். பெரிய வி8-லயும் போடுவான்." போட்டார்கள். புதிய 7 சீரிஸின் 745ஐ-யில் அதே 4.4 லிட்டர் அளவு. பழைய 740ஐ-யின் 286 குதிரைத்திறன் இதில் 333 ஆனது. அடுத்த வருடம் அந்த எஞ்சினுக்கு உலகின் சிறந்த எஞ்சின் பரிசும் கிடைத்தது.

இதுதான் கணக்கு என்று நான் சொல்வது. ஒரு எஞ்சினை ஒரே காருக்காகப் பெரும்பாலும் யாரும் வார்ப்பதில்லை, செலவு தாங்காது. ஆகவே அது வருவதற்கு முன்பே வேறொரு வண்டியில் தலைகாட்டும், அல்லது பின்னால் மூன்று வண்டிகளுக்குப் போக வேண்டியிருக்கும். புகைக்கான சட்டம் எப்போது இறுகும் என்பது முன்கூட்டியே அச்சில் வந்துவிடும். பானெட்டின் நீளத்தையும் சைலன்சர் சத்தத்தையும் எத்தனை டேப் ஒட்டினாலும் மறைக்க முடியாது. முகமோ பூட்டிய அறைக்குள் களிமண்ணில் நாலைந்து பேர் எடுத்த முடிவு. அதை எந்த வாய்ப்பாட்டில் தேடுவது?

ஒரு சின்ன எச்சரிக்கை: பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். 745 என்றால் 4.5 லிட்டர் என்று நினைப்போம். 1980-ல் வந்த பழைய 745ஐ-யில் இருந்தது 3.2 லிட்டர் டர்போ. டர்போ இருப்பதால் 1.4-ஆல் பெருக்கினால் 4.5 வருகிறதாம். ரேஷன் கடை எடை மாதிரி.

வாங்க முடியாத காரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்றீர்கள். நான்கு சக்கரத்துக்கும் மின்னணு ஏபிஎஸ் பிரேக் 1978-ல் மெர்சிடீஸ் எஸ்-கிளாஸில் வந்தது, அதுவும் கூடுதல் காசுக்கு. இன்று உங்கள் தெருமுனை டாக்சியில் அது இருக்கிறது. பணக்காரன் காரில் இன்று வருவது பத்து இருபது வருடம் கழித்து உங்கள் மகன் பழுது பார்க்கப்போகிற வண்டியில் வரும். இந்தக் காரணம் எனக்கே முழுதாக ஒப்பவில்லை, ஆனால் வீட்டில் சொல்லித் தப்பிக்க உதவும்.

சரி, வி16. படத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். பிஎம்டபிள்யூவே அதைச் செய்து பார்த்திருக்கிறது.

1987-ல் பிஎம்டபிள்யூ 750ஐ-யில் 5 லிட்டர் வி12 வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொடர் உற்பத்தியில் இருந்த ஜெர்மன் காரில் வந்த முதல் வி12 அதுதான். அது சூடு ஆறுவதற்குள் உள்ளேயே ஒரு குழு அதோடு இன்னும் நாலு சிலிண்டரை ஒட்டியது. கணக்கு சுலபம்: ஒரு சிலிண்டருக்கு 416 சிசி, பதினாறால் பெருக்கினால் ஏறத்தாழ 6.7 லிட்டர். 408 குதிரைத்திறன். எஞ்சின் ஓடியது. பிரச்சினை நீளம். பானெட்டுக்குள் எஞ்சின் போனதும் வேறு எதற்கும் இடமில்லை. ரேடியேட்டரைத் தூக்கி டிக்கியில் வைத்தார்கள்! அதற்குக் காற்று வேண்டுமே. பின் மட்கார்டில் மீன் செவுள் மாதிரி வழி வெட்டினார்கள். வண்டிக்குத் தங்க நிறம் வேறு. தங்கமீன் என்று செல்லப்பெயர் விழுந்துவிட்டது. பெட்டி வைக்க இடமில்லாத சொகுசுக் காரை யார் வாங்குவார்கள்? அது வெளியே வரவே இல்லை. போட்டிக்கு நின்ற மெர்சிடீஸ் 1991-ல் 600 எஸ்இஎல்லில் 6 லிட்டர் வி12-ஐக் கொண்டுவந்தது. அதன் குதிரைத்திறனும் 408! நாலு சிலிண்டர் குறைவாகவே அதைச் சாதித்துவிட்டார்கள்.

பிஎம்டபிள்யூ கைக்கு வந்த பிறகு ரோல்ஸ் ராய்ஸும் ஆசைப்பட்டது. 2004-ல் 9 லிட்டர் வி16-ஓடு 100இஎக்ஸ் என்ற கண்காட்சிக் கார் வந்தது. கடைக்குப் போன ஃபாண்டமில் 6.75 லிட்டர் வி12-தான். ஆனாலும் அந்த 9 லிட்டர் எஞ்சின் ஒரு ஃபாண்டம் கூபேயில் ஏறியது, 2011-ல் வந்த 'ஜானி இங்கிலீஷ் ரீபார்ன்' படத்துக்காக. வற்புறுத்தி வைக்கச் சொன்னவர் ரோவன் அட்கின்சன், நம் மிஸ்டர் பீன். அவரும் உங்கள் மகன் ஜாதிதான்.

ஆகவே அம்மா, போனைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். சாப்பாடு போட்டுவிட்டு, அந்தப் படத்தை அவன் முன்னால் வைத்து, நீங்களே கண்டுபிடித்த மாதிரி கேளுங்கள்: "வி16 சரிடா. ரேடியேட்டர் எங்கே?" முன்னாலேயே இருக்கிறது என்றால், பானெட்டை எத்தனை விரற்கடை நீட்டினான் என்று ஸ்கேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டிக்கியில் என்றால், காற்று எந்த வழியாக வரும் என்று கேளுங்கள். அவன் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், இந்தத் தடவை அவனையே திருத்தி வரையச் சொல்லி, பின்பக்கம் தேதி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். கார் வெளியே வரும்வரை படம் என் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரைக்காரன்