பழைய கார் விற்பனை: வணிகர் கவனிக்க வேண்டியவை

சரக்கு, எடை, வரி என்று கடை விஷயங்களையே எழுதிவருகிற நாங்கள், இம்முறை கடை வாசலில் நிற்கும் பழைய காரைப் பற்றி எழுத நேர்ந்தது. காரணம், திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர். பருப்பு எடுக்க ராயபுரம் வந்தவர், பில் போட்டு மூட்டை ஏற்றிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, வண்டியைத் தள்ளிவிடலாம்னு இருக்கேன். நாலு பேரு நாலு விலை சொல்றாங்க. யாருக்குக் குடுக்கலாம்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அவருடையது 2008-ல் வாங்கிய வேகன் ஆர், பெட்ரோல் வண்டி. 15 வருடம் முடிந்ததும் 2023-ல் எஃப்.சி. காட்டி 2028 வரை புதுப்பித்திருக்கிறார்.

அவர் சொன்ன நாலு விலை இவை. புது வண்டி ஷோரூமில் மாற்றிக்கொள்வதாக இருந்தால் ரூ.55,000, புது வண்டி எடுத்தால் அதற்குமேல் ஒரு போனஸ். வீட்டுக்கே ஆள் அனுப்பி வண்டியைச் சோதித்து வாங்கும் கம்பெனி ஒன்று ரூ.70,000. எண்ணூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர், தம் சொந்த உபயோகத்துக்கு ரூ.85,000. புரோக்கர் ஒருவர் ரூ.95,000, அன்றைக்கே கையில் காசு.

எந்த வணிகரும் 95,000-ஐத்தான் முதலில் பார்ப்பார். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். ஆனால் ஒரு கேள்வி கேட்கச் சொன்னோம்: "ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயருக்கு மாற்றுவீர்கள், எத்தனை நாளில்?" கடையிலிருந்தே போன் போட்டார். மறுமுனையில் வந்த பதில், "பார்ட்டி கிடைச்சதும் நேரா அவர் பெயருக்கே மாத்திடலாம். நீங்க ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, போதும்."

இந்தப் பதிலை நாங்கள் முன்பே ஒருமுறை கேட்டு ஏமாந்திருக்கிறோம். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்களிடம் 1988 மாடல் அம்பாசிடர் ஒன்று இருந்தது. கொத்தவால்சாவடிக் காலத்திலிருந்து கடைக்கு உழைத்த வண்டி. 2003-ல் ஒரு புரோக்கர் மூலம் ரூ.38,000-க்குக் கொடுத்தோம். 29, 30 ஆகிய இரண்டு படிவங்களிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தோம். கடையில் அரிசி லாரி நின்றுகொண்டிருந்த நேரம். வேலை முடிந்தால் சரி என்ற நினைப்பு. மூன்று வருடம் கழித்து, விபத்து இழப்பீட்டு வழக்கில் எதிர்மனுதாரராக எங்கள் பெயர் போட்டு நோட்டீஸ் வந்தது. வண்டி இரண்டு கை மாறிப் போயிருந்தது. பெயர் மாறவில்லை, இன்ஷூரன்சும் புதுப்பிக்கப்படவில்லை. புரோக்கர் இடத்தைக் காலி செய்துவிட்டார். அடிபட்டவர் மூட்டை சுமக்கும் தொழிலாளி, ஒரு கால் போய்விட்டது. அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. நம் கடை வாசலில் வந்து நிற்கும் ஆட்களைப் போன்றவர் அவர். நாலு வருடம் கோர்ட்டுக்கு நடந்து, முடிவில் எங்கள் பங்காக ரூ.1,40,000 கட்டினோம். விற்ற விலை 38,000 என்பதை மறுபடி நினைவூட்டுகிறோம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 'உரிமையாளர்' என்றால் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான். 2007-ல் ஒருவர் விற்று, பிறகு கை மேல் கை மாறி, பெயர் மட்டும் மாறாமல் இருந்த ஒரு வண்டி 2009-ல் விபத்தில் சிக்கியது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். வண்டியை விற்றுவிட்டேன், சாவியும் கொடுத்துவிட்டேன் என்பது போதாது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்பதுதான் தீர்ப்பின் சாரம். பாதிக்கப்பட்டவர், வண்டி எத்தனை பேர் கை மாறியது என்று தேடி அலையக்கூடாது என்பது அதற்குச் சொன்ன நியாயம். நியாயந்தான்.

ஆகவே பழைய வண்டிக்கு விலை கேட்கும்போது, பெயர் மாற்றத்தையும் சேர்த்தே விலை கேட்க வேண்டும். நாம் கடையில் பில் இல்லாமல் சரக்கை வெளியே அனுப்புவதில்லை. ஆனால் பல லட்சம் பொறுப்பு தொங்கும் வண்டியைப் பில் இல்லாமல் அனுப்பிவிட்டு வீட்டில் தூங்குகிறோம்.

சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்பவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம். 29 என்பது நாம் கொடுக்கும் அறிவிப்பு, 30 என்பது பெயர் மாற்ற மனு. வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் வெற்றுக் காசோலை கொடுப்பதும் ஒன்றுதான்.

புரோக்கர்களை ஒட்டுமொத்தமாகக் குறை சொல்லவில்லை. நேர்மையான தரகர் பலர் உண்டு. 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசு இதற்கென ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. பழைய வண்டி வியாபாரி பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெறலாம். அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது 29-சி என்ற படிவத்தில் அறிவித்தால், அன்றுமுதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அடுத்த பார்ட்டி வர ஆறு மாதம் ஆனாலும் பொறுப்பு அவருடையது. இந்தப் புரோக்கரிடம் அந்த அங்கீகாரம் உண்டா என்று கேட்கச் சொன்னோம். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்கு அண்ணாச்சி" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். 95,000 அத்தோடு போயிற்று.

ஷோரூம் விலையில் ஒரு சூட்சுமம். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று தனியாகக் காட்டுவது, பல சமயம் பழைய வண்டி இல்லாமலே கேட்டால் தள்ளுபடியாகக் கிடைக்கக்கூடிய தொகைதான். பழைய வண்டி கொடுக்காமல் புது வண்டி என்ன விலை, கொடுத்தால் என்ன விலை என்று இரண்டு சீட்டு வாங்கிக் கழித்துப் பாருங்கள். உங்கள் பழைய காருக்கு அவர்கள் தரும் உண்மையான விலை அதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதத்திலிருந்து 18 ஆனது, கூடவே இருந்த செஸ்ஸும் போனது. புதுச் சரக்கு விலை இறங்கினால் பழைய சரக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாடிக்கையாளர் புது கார் வாங்குவதாக இல்லை. லோடு ஆட்டோ ஒன்று இருக்கிறது, அது போதும் என்றார்.

உடைப்புக்குப் போடலாமா என்றும் கேட்டார். ஓடுகிற வண்டி, இன்னும் காலக்கெடு இருக்கிற வண்டி; எதற்கு உடைக்க வேண்டும்? டில்லி வட்டாரத்தில் வந்ததுபோல 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் தடை இங்கே கிடையாது. ஓடாமல் கிடக்கும் வண்டியானால் வேறு கதை. அதைப் புதுப்பேட்டைக்குக் கட்டியிழுத்துக் காசு வாங்கிக்கொண்டு வந்துவிடுவதோடு வேலை முடியாது. 2021 விதிப்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துப் புது வண்டியின் சாலை வரியில் 25 சதம் வரை சலுகை தர மத்திய விதியில் இடமிருக்கிறது. எங்கே கொடுத்தாலும், பதிவை ரத்து செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வண்டியின் நம்பர் வேறொரு வண்டியில் ஏறி ஊர் சுற்றக்கூடும்.

மிஞ்சியது லேத் பட்டறைக்காரர். எங்கள் அபிப்பிராயத்தில், பத்துப் பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு நல்ல விலை தருபவர் அதை ஓட்டப்போகிறவர்தான். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவருக்குப் பஞ்சமில்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது எண்ணூரில். 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் கம்பெனி திருவொற்றியூரில். இரண்டு மூன்று தலைமுறையாக பிட்டர், டர்னர் வேலை பார்த்த குடும்பங்கள் இங்கே உண்டு. கம்பெனி ஆள் போனில் படம் பிடித்து 'துரு' என்று எழுதி 15,000 குறைக்கிற இடத்தை, இவர்கள் தாங்களே வெல்டு வைத்துச் சரிசெய்துகொள்வார்கள்.

துரு என்றதும் இன்னொன்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று கதவின் அடிவிளிம்பையும் தரைத் தகட்டையும் தின்றுவிடும். பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். எண்ணூர்க்காரரிடம் அது செல்லாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் புகுந்த வண்டியா, அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் வாடிக்கையாளர் வண்டியில் அப்போது சீட்டு உயரத்துக்குத் தண்ணீர் ஏறி, ஒயரிங் மாற்றியிருந்தார். சொல்லச் சொன்னோம், தயங்கித் தயங்கிச் சொன்னார். "தெரியும் அண்ணே, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துட்டேன்" என்றாராம் அவர். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இனி இரண்டு தடங்கல்கள். முதலாவது, 2008-ல் வாங்கிய கடன் 2012-லேயே முடிந்திருந்தும், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. கடன் பாக்கி இல்லை என்ற வங்கிச் சான்றோடு படிவம் 35 கொடுத்து அதை நீக்கினால்தான் பெயர் மாறும். வங்கியே இல்லாமல் போயிருந்தால்? லக்ஷ்மி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடும், அலகாபாத் வங்கி அதே வருடம் ஏப்ரலில் இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. சேர்ந்த வங்கியில்தான் சான்று கேட்க வேண்டும், நாள் பிடிக்கும். ஆள் பார்க்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, வரி. ஆர்.சி.யில் அவர் பெயர். ஆனால் வண்டியைக் கடைக் கணக்கில் ஏற்றி வருடா வருடம் தேய்மானம் எழுதிவந்திருக்கிறார். ஜி.எஸ்.டி. பதிவுள்ள வணிகர் அப்படிப்பட்ட வண்டியை விற்றால், விற்ற விலைக்கும் புத்தகத்தில் தேய்மானம் போக நிற்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரி உண்டு. சிறிய காருக்கு 12 சதமாக இருந்தது, 2025 ஜனவரி முதல் 18. அவர் வாங்கிய விலை ரூ.3,80,000. 15 சதம் வீதம் 17 வருடம் கழித்தால் நிற்பது சுமார் ரூ.24,000. விற்பது 85,000. வித்தியாசம் 61,000, அதற்கு 18 சதம் ரூ.10,980. புத்தக மதிப்பைவிடக் குறைவாக விற்றால் இந்த வரி இல்லை. கடைக் கணக்கில் ஏறாத, குடும்ப உபயோகத்துக்கு மட்டும் வைத்திருந்த வண்டிக்கும் இல்லை. தேய்மானத்தை வருடந்தோறும் சந்தோஷமாக எழுதிக்கொண்ட நாம், விற்கும் வருடத்தில் ஆடிட்டரைக் கேட்க மறந்துவிடுகிறோம். எவருக்கு விற்றாலும் இது கழியும் என்பதால், கையில் எவ்வளவு நிற்கும் என்ற கணக்கை முதலிலேயே போட்டு வைப்பது நல்லது.

எப்போது விற்பது? 15 வருடம் முடிந்த காரைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் ரூ.5,000, 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் ரூ.10,000 ஆக்கிவிட்டார்கள். இவருடைய வண்டி 2028-ல் அந்த வரிசைக்கு வந்துவிடும். கெடு நெருங்க நெருங்க வாங்குபவர் அந்தச் செலவை விலையில் கழிப்பார். வைத்திருந்து பயனில்லை என்று சொல்லிவிட்டோம்.

பணத்தை வங்கி மூலமே வாங்கச் சொன்னோம். பெரிய வண்டி விற்பவர்கள் கவனிக்க: 2017 ஏப்ரல் முதல் ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அடுத்து, இன்ஷூரன்ஸ். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வாங்குபவருக்குப் போகும். நம் பெயரில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் நம்முடையது. 50 சதம் வரை இருக்கும், அதற்குச் சான்று வாங்கி வைத்தால் 3 வருடத்துக்குள் வாங்கும் வேறு காருக்குப் பயன்படும். பலர் இதைச் சும்மா விட்டுவிடுகிறார்கள்.

இருவரும் ஒரு புதன்கிழமை தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குச் சேர்ந்தே போனார்கள். படிவங்களில் எல்லாக் கட்டமும் நிரப்பி, பணம் வங்கியில் ஏறியதைப் பார்த்த பிறகு கையெழுத்து. தேதியும் மணியும் போட்டு இருவர் கையெழுத்தோடு ஒப்படைப்புச் சீட்டு இரண்டு பிரதி. அதற்குப் பிறகுதான் சாவி. இரண்டு வாரம் கழித்துப் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, பெயர் மாறிவிட்டது என்று போன் செய்தார்.

ஃபாஸ்டேக்கை மூடினீர்களா என்று கேட்டோம். "ஐயோ, மறந்தே போச்சு அண்ணாச்சி" என்றார். அதற்குள் லேத் பட்டறைக்காரர் குடும்பத்தோடு திருப்பதி போய்வந்திருந்தார். டோல் பணம் முழுக்க இவர் கணக்கில்.