மலைப் பணிக்கு ஏற்ற இலேசான மழையங்கி

இமயமலைப் பகுதிகளில் நில அளவை, வனப் பாதுகாப்பு முதலிய பணிகளில் ஈடுபடுவோருக்கும், மாணவர்களை மலைப் பயணத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கும் மழையங்கி இன்றியமையாதது. உறைபனியில்தான் குளிரால் ஆபத்து நேரும் எனப் பலர் கருதுகின்றனர். இது சரியன்று. வெப்பநிலை 10 டிகிரி சென்டிகிரேடாக இருப்பினும், நனைந்த உடை, காற்று, களைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே சேருமாயின், உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கி உயிருக்கு ஊறு விளையலாம்.

இருவகை ஈரம்

மழையால் வெளியிலிருந்தும், வியர்வையால் உள்ளிருந்தும் உடை நனைகிறது. 1823-இல் சார்லஸ் மாக்கின்டாஷ் காப்புரிமை பெற்ற ரப்பர்த் துணி மழையைத் தடுத்தது. ஆயின் வியர்வையையும் உள்ளேயே அடைத்துவிட்டது. 1969-இல் ராபர்ட் கோர் கண்டறிந்த நுண்துளைச் சவ்வு இக்குறையைப் பெரிதும் போக்கிற்று. அதன் துளைகள் வழியே நீராவி வெளியேறும்; நீர்த்துளி உட்புகாது.

எனினும், உள்ளேயுள்ள காற்றைவிட வெளிக்காற்று உலர்ந்திருந்தால்தான் நீராவி எளிதில் வெளியேறும். லடாக்கின் உலர்ந்த குளிரில் நன்கு பயன்படும் அங்கி, சிக்கிம் அடிவாரத்தின் பருவமழைப் புழுக்கத்தில் உள்ளே ஈரமாகிவிடுவது இதனாலேயே. அத்தகைய இடங்களுக்கு அக்குளில் திறந்து மூடும் ஜிப் உள்ள அங்கியே தக்கது.

தேர்ந்தெடுக்கும் முறை

1. நீர் தாங்கும் திறன் மில்லிமீட்டரில் குறிக்கப்படும். 10,000 என்பது 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதாகும். முதுகுப்பையின் வார் அழுத்தும் தோள்பட்டைக்கு இத்திறன் மிகவும் தேவை.

2. தையல்கள் யாவும் உட்புறம் பட்டையால் ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். ஊசித்துளை வழியே நீர் கசியுமாயின், துணியின் தரம் பயன்படாது.

3. தலைமறைப்பு, தலையுடன் சேர்ந்து திரும்பவேண்டும். பார்வையை மறைத்தல் கூடாது.

4. ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள மெல்லிய அங்கி, எப்போதாவது பெய்யும் மழைக்குப் போதும். நாள்தோறும் சுமை தூக்குவோருக்கு அது விரைவில் தேய்ந்துவிடும். இவர்கள் சற்றுக் கனமான மூவடுக்குத் துணியையே நாடுக.

வகுப்பில் ஒரு சோதனை

அங்கியின் ஓர் ஓரத்தை, வெளிப்புறம் மேலாக இருக்கும்படி, வெந்நீர்க் குவளையின் வாயில் இறுகக் கட்டுக. அதன்மேல் குளிர்ந்த கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைக்க. சிறிது நேரத்தில் மேற்குவளையில் ஆவி படியும். பிளாஸ்டிக் தாளைக் கட்டினால் படியாது. நீராவி புகும் துணி எது, புகாதது எது என்பதை மாணவர் நேரிற் காண்பர்.

பராமரிப்பு

புது அங்கியின்மேல் நீர் முத்துமுத்தாக உருளும். நாளடைவில் அழுக்கினால் மேல்துணி நீரை உறிஞ்சத் தொடங்கும். அப்போது வியர்வை வெளியேறுவதும் குறையும். இதனை அங்கி கிழிந்துவிட்டதெனக் கருதி எறிந்துவிட வேண்டுவதில்லை. சீட்டில் குறித்துள்ளவாறு துவைத்து, மிதமான சூட்டில் உலர்த்தினால் பெரும்பாலும் சீராகும்.

எவ்வளவு சிறந்த அங்கியாயினும், நனைந்த பின்னர் அணிவதாற் பயன் குறைவு. முதல் தூறலிலேயே அணிந்துகொள்ள ஏதுவாக, அதனைப் பையின் மேற்புறத்திலேயே வைத்தல் நலம்.