முற்றும்மையும் தருக்கக் குறிகளும்

தருக்கம் பயிலும் மாணவர் குறிகளாலாய வாய்பாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை. அதனைத் தமிழிற் கூறுக என்றவுடனே தடுமாறுகின்றனர். "எல்லாக் க-வுக்கும், க மடையாயின் க திறக்கப்படும் என்பது அன்று" என்றெழுதி அமைதியுறுவாருமுளர். குறிகளிருந்த இடத்தில் எழுத்துக்கள் வந்தனவேயன்றித் தமிழ் வந்திலது. மதுரைத் தெருவில் இங்ஙனம் பேசுவார் யாவர்?

"எல்லா மடைகளும் திறக்கப்படமாட்டா" என்போமாயின் உலக வழக்குப் போலத் தோன்றும். ஆயின் பெரியாற்றுப் பாசனம் பெறும் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் இவ்வாறு ஓர் அறிவிப்பு ஒட்டப்படுமேல், நாற்றுவிட்டுக் காத்திருக்கும் உழவர் என் செய்வர்? ஒரு மடையும் திறவாது எனக் கொண்டவர் நடவைக் கைவிடுவர்; சில திறக்கும் எனக் கொண்டவர் நாற்றைப் பறிப்பர். இரண்டிற்கும் அவ்வாக்கியம் இடந்தருகின்றது. நேரிற் பேசுவோர் குரலை அழுத்தியேனும் பொருளை விளக்குவர். சுவரிலொட்டிய தாளுக்குக் குரல் ஏது?

பிரேகெ என்னும் ஜெர்மானியர் 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிமுறையில் இம்மயக்கமில்லை. மறுப்புக்குறி 'எல்லாம்' என்பதன்முன் நிற்பது வேறு, பின் நிற்பது வேறு. தமிழிலோ மறுப்பு வினையோடு ஒட்டி இறுதியிலே நிற்கும். நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். உம்மைக்கு எண்பொருள் வகுத்த தொல்காப்பியனார், முற்றும்மை ஒரோவழி எச்சப்பொருள் தருதலையும் குறித்தார், நன்னூலாரும் அவ்வாறே. பத்தும் கொடுக்கவேண்டா என்புழிச் சில கொடுக்கலாமென்பது தோன்றுமென உரைகாரர் விளக்குவர். இலக்கண வகுப்பில் இதனை நெட்டுருச் செய்த மாணவர், தருக்க வகுப்பில் நினையாதது வியப்பே.

ஆதலின் வாய்பாட்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காது, முதலில் அதனோடொத்த வேறு வாய்பாடாக்கிப் பின் தமிழாக்குதல் நன்று. 'எல்லாம் திறக்கும் என்பதன்று' என்பது 'திறவாத மடை ஒன்றேனும் உண்டு' என்பதற்குச் சமம். "சில மடைகள் திறக்கப்படமாட்டா" எனின் மயக்கம் தீரும். எனினும் கேட்போர், ஏனைய திறக்குமென்றும் கொள்வர். வாய்பாடு அவ்வளவு கூறவில்லை. ஒன்றுமே திறவாவிடத்தும் அது மெய்யே.

நிபந்தனை வாக்கியத்திலும் இத்தகைய மிகை புகும். "மழை பெய்தால் வைகையில் நீர் வரும்" என்று நாம் சொல்ல, "பெய்தால்தான் வரும்" என்று கேட்போர் கொள்வர். 'தான்' என்னும் ஒரு சொல் வாய்பாட்டின் அம்பைத் திருப்பிவிடுகின்றது. 1895-ஆம் ஆண்டு முதல் மேற்றிசை மலையைக் குடைந்த சுரங்கவழியே பெரியாற்று நீர் வைகையை அடைகின்றது. 1959 முதல் அந்நீரை வைகை அணையும் தேக்கி விடுகின்றது. மதுரையில் ஒரு துளியும் வீழாத நாளிலும் ஆற்றில் நீரோடக் காணலாம்.