அடிபட்ட அன்றைக்கே முடிவெடுக்காதே!



2019 ஜனவரி 14, ஷார்ஜா. ஆசியக் கோப்பை கால்பந்தில் பஹ்ரைனோடு டிரா செய்தாலே இந்தியாவுக்கு அடுத்த சுற்று. ஆனால் ஆட்டம் துவங்கிய சில நிமிஷத்திலேயே தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகா காயப்பட்டு வெளியேறினார். கடைசியில் ஒரு பெனால்டி. இந்தியா 0-1 என்று தோற்றது. மறுநாளே அவர், இந்திய அணியிலிருந்து ஓய்வு என்று அறிவித்துவிட்டார்.

அதோடு முடிந்ததா? இல்லை. அதே வருஷம் புதுப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் கூப்பிட்டார், திரும்பி வந்தார்.

எலியாவும் சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும்" என்றவன்தானே (1 இராஜாக்கள் 19)? கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், இரண்டு தரம் போஜனம் கொடுத்தார். அப்புறம்தான் வேலை கொடுத்தார்.

பட்டாசு ஆபீசில் கை வெந்து, வீட்டில் முடங்கிக் கிடக்கிற சகோதரனே! "என் பிழைப்பு அவ்வளவுதான்" என்கிறாயா? அழு, பாவமில்லை. ஆனா அதையே தீர்ப்பாக எழுதிவிடாதே. புண் ஆறட்டும்.

சபையாரே, அவன் வீட்டுக்குப் போனால் உடனே பிரசங்கம் பண்ணாதிருங்கள். தூக்குவாளியில் கொஞ்சம் கஞ்சி கொண்டுபோங்கள். அன்றைக்குத் தூதன் செய்ததும் அதுதானே! ஆமென்.